பிடி யார் கையில்?

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுக்கும் நாளில் வகுப்பறையின் ஓரமாக நின்று பாருங்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதல் பக்கத்தின் மேல்மூலையில் சிவப்பு மையில் வட்டமிட்ட மொத்த மார்க்கைப் பார்ப்பார்கள். ஒரு நொடிதான். அப்புறம் தாளை நீளவாக்கில் மடித்துப் பைக்குள் திணித்துவிடுவார்கள். எந்தக் கேள்வியில் எத்தனை மார்க் போனது, ஏன் போனது என்று உள்ளே புரட்டிப் பார்ப்பவர்கள் ஒரு வகுப்பில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

ஒரு சிறிய ஊரில் சில வருடங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். 41 மார்க் எடுத்திருந்த ஒரு மாணவியின் தாளை வாங்கி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரித்தேன். இருபடிச் சமன்பாடு ஒன்று, ஐந்து மார்க். முதல் வரியில் 'கழித்தல் 10' என்று சரியாக எடுத்து எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில் அது 'கூட்டல் 10' ஆகிவிட்டது. அப்புறம் எப்படிக் காரணிப்படுத்த முடியும்? அரைப் பக்கத்துக்கு எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் முழுவதுக்கும் குறுக்கே ஒரு கோடு. "இதைப் பாரும்மா, உனக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. குறி மட்டும்தான் மாறிப்போச்சு" என்றேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. "எனக்கு எப்பவும் அப்படித்தான் ஆகும் சார். கணக்கு எனக்கு வராது" என்றாள்.

அன்றைக்கே 78 மார்க் எடுத்த பையன் ஒருவன் சொன்னான்: "நல்லவேளை சார், படிச்சதே வந்துடுச்சு." ஒருவருக்குக் குறைந்தது, ஒருவருக்குக் கூடியது. ஆனால் இருவருமே மார்க்கை எங்கிருந்தோ வந்து தங்கள்மேல் விழுந்த ஒன்றாகத்தான் பார்த்தார்கள். நம் வாழ்க்கையில் நடப்பதற்கும் நாம் செய்வதற்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று ஒருவர் உள்ளுக்குள் போட்டு வைத்திருக்கும் இந்தக் கணக்கை, உளவியலில் கட்டுப்பாட்டு மையம் என்கிறார்கள். கட்டுப்பாடு என்ற சொல் எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிறது. பிடி என்று வைத்துக்கொள்வோம். பிடி தன் கையில் இருப்பதாக நம்புகிறவர், வெளியே இருப்பதாக நம்புகிறவர் என்ற வேறுபாடுதான் விஷயம்.

இதை முதலில் தெளிவாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர். 1916ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். 1950களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடைய மேற்பார்வையில் இருந்த ஜெர்ரி ஃபேர்ஸ் என்ற மாணவர், ஓர் இளைஞருக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். இளைஞர் சொன்னதையெல்லாம் செய்தார், பலனும் கிடைத்தது. ஆனால் 'ஏதோ அதிர்ஷ்டம்' என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார். அடுத்த முயற்சிக்கு முன்னால் பழைய அவநம்பிக்கை அப்படியே திரும்பி வந்து நின்றது. வெற்றி கிடைத்தால் நம்பிக்கை தானாக ஏறும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இங்கே வெற்றி வந்தும் ஒன்றும் ஏறவில்லை.

ஃபேர்ஸ் இதைச் சோதனையாகவே செய்து 1957ல் வெளியிட்டார். ஒரே வகையான வேலையை இரண்டு குழுவுக்குக் கொடுத்தார். ஒரு குழுவிடம் 'இது திறமையைப் பொறுத்தது' என்றார், இன்னொரு குழுவிடம் 'இது வெறும் குருட்டு வாய்ப்பு' என்றார். இருவருக்கும் கிடைத்த வெற்றி தோல்விகளின் வரிசையை முன்கூட்டியே ஒன்றுபோல அமைத்திருந்தார். திறமை என்று நம்பியவர்களுக்கு, ஜெயித்த பிறகு அடுத்ததும் ஜெயிப்போம் என்ற எதிர்பார்ப்பு ஏறியது, தோற்ற பிறகு இறங்கியது. வாய்ப்பு என்று நம்பியவர்களிடம் அந்த அசைவு குறைவு. சிலரிடம் 'இப்போதுதான் ஜெயித்தோம், அடுத்தது தோற்போம்' என்று தலைகீழாகக்கூடப் போனது. ஒரே அனுபவத்திலிருந்து ஒரு குழு பாடம் எடுத்துக்கொண்டது, இன்னொரு குழு பெரிதாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான செய்தி வேறு இல்லை என்று நினைக்கிறேன். விடைத்தாளைப் புரட்டிப் பார்க்காத பிள்ளைக்கு அக்கறை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பிடி வெளியே இருப்பதாக நம்புகிறவருக்கு உள்ளே பார்ப்பதால் என்ன லாபம்? குலுக்கல் சீட்டு விழவில்லை என்றால், ஏன் விழவில்லை என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமா? அந்தப் பிள்ளை தன் நம்பிக்கைக்குப் பொருத்தமாகத்தான் நடந்துகொள்கிறது.

1966ல் ராட்டர் இதை அளக்க 29 ஜோடி வாக்கியங்கள் கொண்ட வினாப்பட்டியலை வெளியிட்டார். அவற்றில் ஆறு ஜோடி வெறும் திசைதிருப்பலுக்கு, 23க்குத்தான் மதிப்பு. நன்றாகத் தயார் செய்த மாணவருக்கு நியாயமற்ற தேர்வு என்பது அநேகமாக இல்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால், கேள்விகள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் வருவதால் படித்தும் பயனில்லை என்று அதன் ஜோடி சொல்லும். எது உங்களுக்கு நெருக்கம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கல்வி, வேலை, உடல்நலம், அரசியல் என்று எந்தத் துறையை எடுத்தாலும் இதை வைத்து ஆய்வுகள் குவிந்தன.

அதே 1966ல் வந்த இன்னொரு அறிக்கைதான் பள்ளிக்கூடங்கள் பக்கம் இந்தக் கேள்வியைத் தள்ளிக்கொண்டுவந்தது. 1964ன் குடிமை உரிமைகள் சட்டப்படி, இன அடிப்படையில் கல்வி வாய்ப்பு எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லி அமெரிக்க அரசு ஒரு ஆய்வுக்கு உத்தரவிட்டது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகள், ஆறு லட்சம் மாணவர்கள். கட்டடம், ஆய்வகம், நூலகப் புத்தகங்களின் எண்ணிக்கை, ஆசிரியரின் தகுதி எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்தப் பெரிய கேள்வித்தாளில் மூன்று சின்ன வாக்கியங்களும் இருந்தன. வெற்றிக்கு உழைப்பைவிட அதிர்ஷ்டம் முக்கியம். நான் முன்னேறப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றோ யாராவது ஒருவரோ தடுத்துவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வாழ்க்கையில் ஜெயிக்கப் பெரிய வாய்ப்பில்லை. இவற்றை ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா?

கறுப்பின மாணவர்களிடம், இந்த மூன்றுக்கும் அவர்கள் சொன்ன பதில், பள்ளியின் எந்த வசதியையும்விட அவர்களுடைய தேர்ச்சியோடு நெருக்கமாகப் பொருந்தியது. தன் பிடி தன் கையில் என்று பதில் சொன்ன கறுப்பினப் பிள்ளைகள், அப்படிச் சொல்லாத வெள்ளையினப் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். இதில் எது காரணம், எது விளைவு என்று ஒரே நேரத்தில் எடுத்த கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இயல்பாகவே பிடி இருப்பதாகத் தோன்றும், அப்படித் தோன்றுவதால் இன்னும் படிக்கும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவருவதாகத்தான் நான் படித்தவரை புரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தேர்வுக்கு முன்னால் கடைசி ஒரு வாரம் இருக்கிறது. பிடி தன்னிடம் இருப்பதாக நினைக்கும் பிள்ளை, தெரியாத பாடத்தைத் தேடி எடுக்கும். மற்ற பிள்ளை தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும், இல்லாவிட்டால் 'இந்த வருஷம் எது வரும்' என்று முக்கிய வினாக்கள் தேடி அலையும். சந்தேகம் வந்தால் முதல் பிள்ளை கையைத் தூக்கும். மற்றதற்குக் கேட்பதே ஆபத்து. தெரியாது என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் கேட்டதால் எதுவும் மாறப்போவதில்லை. பத்து மாதம் இப்படிப் போனால் இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழும்!

வேலை தேடும் இடத்திலும் இதே கதைதான். ஜெர்மனியில் புதிதாக வேலையிழந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியான ஓர் ஆய்வில், பிடி தங்களிடம் இருப்பதாக நம்பியவர்கள் அதிகமாக வேலை தேடினார்கள். அதோடு, 'இந்தச் சம்பளத்துக்குக் கீழே போகமாட்டேன்' என்று அவர்கள் வைத்திருந்த கோடும் மற்றவர்களைவிட உயரமாக இருந்தது. தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறவரால்தான் முதலில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

இதுவரை சொன்னதை வைத்து 'பிடி உன்னிடம்தான் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்தால் போதும்' என்று தோன்றலாம். என் மாணவியின் வாக்கியத்தை இன்னொரு தடவை பாருங்கள். 'கணக்கு எனக்கு வராது.' அவள் அதிர்ஷ்டத்தைக் குறைசொல்லவில்லை, வினாத்தாளைத் திட்டவில்லை, ஆசிரியரையும் இழுக்கவில்லை. காரணத்தைத் தனக்குள்ளேதான் வைக்கிறாள். ஆனாலும் பிடி அவளிடம் இல்லை. தமிழில் கணக்கும் பாட்டும் நமக்கு 'வரும்', அல்லது 'வராது'. வருவதும் வராததும் அதன் இஷ்டம், நாம் வாசலில் காத்திருக்கிறோம். மொழி அமைப்பை வைத்து மனசைக் கணக்கிடுவது சரியில்லை, நீச்சலில் கெட்டிக்காரரும் 'எனக்கு நீச்சல் நல்லா வரும்' என்றுதான் சொல்வார். இருந்தாலும் அவள் அன்றைக்குச் சொன்ன 'வராது' அப்படிக் காத்திருந்து அலுத்துப்போனவளின் 'வராது'தான்.

1970களில் உளவியலாளர் பெர்னார்ட் வைனர் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஒருவர் தன் தோல்விக்குச் சொல்லும் காரணத்தில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். காரணம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா? அது நிலையானதா, மாறக்கூடியதா? நம்மால் மாற்ற முடிந்ததா? 'எனக்கு மண்டையில் ஏறாது' என்பது உள்ளே இருக்கும் காரணம், ஆனால் நிலையானது, மாற்ற முடியாதது. 'நான் பயிற்சி செய்யவில்லை' என்பதும் உள்ளே இருப்பதுதான், ஆனால் நாளைக்கே மாறலாம். முதல் வகைக் காரணத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளையிடம் 'எல்லாம் உன் கையில்தான்' என்று சொன்னால், அதன் காதில் 'நீதான் மோசம்' என்று விழும்.

உளவியலாளர் கரோல் ட்வெக் 1975ல் செய்த ஒரு சோதனை அளவில் சின்னது, 12 குழந்தைகள்தான். தோல்வி வந்ததும் அப்படியே உடைந்துபோகிறவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள். பாதிப் பேருக்கு 25 நாள் அவர்களால் முடிகிற கணக்குகளாகவே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு நடுநடுவே தோல்வியும் வந்தது, ஒவ்வொரு தோல்வியிலும் 'இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும்' என்று காரணம் சொன்னார்கள். முடிவில், வெற்றியை மட்டும் பார்த்தவர்கள் அடுத்த தோல்வியிலேயே பழையபடி உடைந்தார்கள். தோற்று, காரணமும் கேட்டவர்கள் தாங்கி நின்றார்கள். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று சுலபமான கேள்வியாகவே கொடுத்துத் தேற்றும் நம் வழக்கத்தை, இதைப் படித்ததிலிருந்து நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

1982ல் டிமதி வில்சன், பேட்ரிசியா லின்வில் இருவரும் டியூக் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் குறைந்து கவலையில் இருந்த 40 முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்கு, 'முதல் வருடம் எல்லாருக்குமே தடுமாற்றம், அப்புறம் ஏறும்' என்ற தகவலையும் மூத்த மாணவர்கள் அதையே சொல்லும் வீடியோவையும் காட்டினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தக் குழுவில் படிப்பை விட்டவர்கள் 5 சதவீதம், மற்றதில் 25 சதவீதம். இப்படிச் சின்னக் குழுவில் வந்த முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019ல் இதே வரிசையில், 'அறிவு வளரக்கூடியது' என்ற கருத்தை அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொண்டுபோனபோது, பின்தங்கிய மாணவர்களின் சராசரி, அங்கே அவர்கள் பயன்படுத்தும் 4 புள்ளி அளவில் 0.10 புள்ளிதான் உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பாடத்துக்கு அது மதிப்பான பலன். ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் அளவு இல்லை.

பேச்சால் ஓரளவுக்குத்தான் முடியும் என்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1967ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் எழுந்து தாண்டாமல் படுத்துக்கிடந்தன. கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்கள், அது பாடப்புத்தகங்களில் ஏறியது. ஐம்பது வருடம் கழித்து, 2016ல் அதே இருவரும் தங்கள் முடிவைத் தலைகீழாகத் திருத்தினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். மூளைக்குள் நடப்பதைப் பார்த்தபோது, நீடித்த துன்பத்தில் அடங்கிக் கிடப்பதுதான் உயிரினத்தின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றது: நான் ஒன்று செய்தால் ஒன்று நடக்கும் என்பது. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொண்ட பிறகுதான் அந்த அடங்கலை நிறுத்துகிறது.

அப்படியானால் பிடி என்பது ஒரு பிள்ளையிடம் இருக்கிற, இல்லாத குணம் இல்லை. நீச்சல் மாதிரி தண்ணீரில் இறங்கித்தான் வர வேண்டும். 'நீ கெட்டிக்காரன்' என்று பொய்யாகச் சொல்லியும் அதை ஏற்ற முடியாது. 1978ல் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் கல்லூரி மாணவர்களுக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, 'பிரமாதமாகச் செய்திருக்கிறாய்' என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று திறனைக் கூட்டும் என்றும் மற்றது குறைக்கும் என்றும் சொல்லப்பட்டது. எதற்காகப் பாராட்டினார்கள் என்றே புரியாத அந்த மாணவர்கள், குறைக்கும் மாத்திரையைத்தான் அதிகம் எடுத்தார்கள். தோற்றால் மாத்திரையைக் காட்டலாம் அல்லவா? காரணம் தெரியாத வெற்றி ஒருவரை இவ்வளவு பயமுறுத்தும்.

நம் ஊரில் இதற்கு ஓர் எதிர் உதாரணம் இருந்தது. 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போன செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறையிலிருந்து வந்தது. குழந்தை வந்ததும் தன் வருகையைத் தானே பதிவு செய்யும். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படம் சுவரில் தொங்கும், தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். அடுத்த அட்டை எது என்று பார்த்து, படத்தை அடையாளம் வைத்துத் தட்டிலிருந்து தானே எடுத்துவரும். கரும்பலகை குழந்தையின் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. வரைந்ததைத் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் மாட்டலாம். இதை வடிவமைத்தவர்கள் ராட்டரை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் இத்தனை ஏணிகளையும் பதிவேடுகளையும் எப்படிப் பார்ப்பது என்ற சிரமம் இருந்தது, நியாயமான விமர்சனங்களும் வந்தன. ஆனால் ஏழு வயதுக் குழந்தை அட்டையைத் தானே எடுத்து, முடித்து, ஏணியில் ஒரு படி நகரும் அந்தக் காட்சியில், 'செய்தேன், நகர்ந்தது' என்ற அனுபவம் ஒரு நாளைக்குப் பல தடவை நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டத்துக்குள் வரும் ஓர் எண்ணிலிருந்து அது எப்படிக் கிடைக்கும்?

வேலையிடத்தில் இந்த விஷயம் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். குடித்துவிட்டு வேலை, திடீர் வேலைநிறுத்தம், தரமில்லாத கார்கள். 1982ல் இழுத்து மூடினார்கள். தொழிலாளர்கள் மோசம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 1984ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தபோது, அதே தொழிற்சங்கம், எடுத்த ஆட்களில் பெரும்பாலானோர் அதே பழைய தொழிலாளர்கள். வராதவர்களின் விகிதம் 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது. தரம் ஏறியது.

மாறியவற்றில் ஒன்று, கார்கள் வரிசையாக நகர்ந்து வரும் கன்வேயருக்கு மேலே ஓடிய கயிறு. முன்பு என்ன தவறு நடந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது, கதவு கோணலாக மாட்டியிருந்தாலும் அப்படியே போகும். இப்போது எந்தத் தொழிலாளியும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். சொன்ன நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். தான் கண்ட தவறுக்கு ஆலையே திரும்பிப் பார்க்கிறது. குழுவாக வேலை செய்யும் முறையும் வேலையை எப்படிச் செய்வது என்று தொழிலாளர்களே எழுதிவைத்த விதிகளும் உடன் சேர்ந்தன. அதனால் எல்லாப் பெருமையையும் கயிற்றுக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் 'பொறுப்பில்லாதவர்கள்' என்று பேர் வாங்கிய மனிதர்கள், பொறுப்புக்குப் பதில் கிடைக்கும் இடத்தில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் நான் பார்க்கவில்லை.

இந்தக் கயிறு இல்லாத இடத்தில் உடம்பே கணக்குக் கேட்கிறது. ராபர்ட் கராசெக் 1979ல் வேலைப் பளு மட்டும் மனிதரை நோகடிப்பதில்லை, பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருப்பதே நோகடிக்கிறது என்றார். லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வின் 1997ம் வருட முடிவுகளில், தன் வேலையில் தனக்குப் பிடி குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்திருந்தது. ஊழியர் தானே சொன்ன பதிலை வைத்துப் பார்த்தாலும் சரி, அந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் உண்டு என்று நிர்வாகம் தனியாக மதிப்பிட்டதை வைத்துப் பார்த்தாலும் சரி, முடிவு அதே திசைதான். இது முழுக்க மனப்பிரமை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரை எண்ணிப்பாருங்கள். எத்தனை பீஸ் முடிக்கிறாயோ அத்தனை காசு. காகிதத்தில் பார்த்தால் பிடி முழுக்க அவர் கையில். ஆனால் கட்டிங்கிலிருந்து துணி வராமல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் யார் கையில்? ஆர்டர் எப்போது ஏற வேண்டும் என்று முடிவாவது எந்த நாட்டில்?

இங்கேதான் எனக்கு ஒரு பயம் உண்டு. 'எல்லாம் உன் கையில்தான்' என்ற வாசகத்தைப் பயிற்சி மையங்களின் சுவரிலும் ஸ்டேட்டஸ்களிலும் பார்க்கும்போதெல்லாம் அது வரும். 2024ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஒரு இடத்துக்கு 300 பேருக்கும் மேல். பின்னால் இடங்கள் 9,000க்கும் மேல் ஆகின, அப்போதும் ஒரு இடத்துக்கு 200 பேருக்கும் மேல். அதிகாலையில் நூலக வாசலில் வரிசையில் நின்று, டிபன் பாக்ஸோடு இரவு வரை படிப்பவர்களை நான் அறிவேன். படிக்காமல் அந்த இடத்தை எட்ட முடியாது என்பது உண்மை. படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எட்ட மாட்டார்கள் என்பதும் அதே அளவு உண்மை. மூன்றாவது முயற்சியில் இரண்டு மார்க்கில் போன ஒருவரிடம் உன் முயற்சி போதவில்லை என்று சொல்வது பொய் மட்டுமில்லை, கொடுமை. சில ஆயிரம் இடத்துக்கு இருபது லட்சம் பேர் ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்வியை அது அவருடைய தலைக்குள் தள்ளி மூடிவிடுகிறது.

1969ல் பேட்ரிசியா குரினும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரி மாணவர்களிடம் ராட்டரின் வினாக்களைக் கொடுத்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சில வாக்கியங்கள் 'நான்' என்று பேசின, சில 'மனிதர்கள்' என்று பொதுவாகப் பேசின. இந்த மாணவர்களிடம் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. என் வாழ்க்கையில் என் முயற்சிக்குப் பலன் உண்டு என்று நம்பியவர்கள் படிப்பில் நம்பிக்கையோடு முன்னே போனார்கள். என் இனத்தாரின் நிலைக்கு அவர்களுடைய சோம்பல் காரணமில்லை, அமைப்புதான் காரணம் என்று சொன்னவர்கள், கறுப்பினத்தவர் அதுவரை போகாத துறைகளைக் குறிவைத்தார்கள், உரிமைப் போராட்டங்களில் இறங்கினார்கள். அமைப்பைக் குறைசொல்வது கையாலாகாத்தனத்தின் அடையாளம் என்று வினாப்பட்டியல் எண்ணியிருந்தது. அவர்களுக்கு அது கண் திறந்திருப்பதன் அடையாளமாக இருந்தது. அதற்கு முன்பே 1963ல் ராட்டரும் பேர்ல் கோரும் தெற்கு மாநிலத்துக் கறுப்பினக் கல்லூரி ஒன்றில், தன் பிடி தன்னிடம் என்று சொன்ன மாணவர்கள்தான் பேரணிக்கும், இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தில் போகும் விடுதலைப் பயணத்துக்கும் கையெழுத்துப் போட முன்வந்ததாகக் கண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தன்மேல் நம்பிக்கையும் அமைப்பின்மேல் கோபமும் ஒரே ஆளிடம் வசதியாகக் குடியிருக்கும் என்று தெரிகிறது. உள்ளே நம்புகிறவர் நல்லவர், வெளியே கைகாட்டுகிறவர் கெட்டவர் என்று தன் அளவுகோலைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1975ல் ராட்டரே எழுதவேண்டி வந்தது.

அதனால் நான் என் வகுப்பில் பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. ஒரு காகிதத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, போன ஒவ்வொரு மார்க்கும் எந்தப் பத்தியில் சேரும் என்று எழுதச் சொன்னேன். தெரியாமல் விட்டது, தெரிந்தும் விட்டது, நேரம் இல்லாமல் விட்டது. 41 எடுத்த அந்த மாணவிக்குப் போனது 59. முதலில் எல்லாவற்றையும் 'தெரியாமல்' பத்தியிலேயே போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிவில் 'தெரிந்தும் விட்டது' என்ற பத்தியில் 23 மார்க் நின்றது. பாதிக்கு மேல் குறி மாறியது, எடுத்து எழுதும்போது எண் மாறியது. அவள் அந்த 23ஐ இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

அரையாண்டுக்கு நான் வைத்த தேர்வில் 54 எடுத்தாள். தாளைக் கொடுத்தபோது மேல்மூலையைப் பார்த்துவிட்டு மடிக்காமல் தன் இடத்துக்குப் போனாள். பேனா முனையை வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து மேசைக்கு வந்து, நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"சார், இந்த ரெண்டு மார்க்கை நீங்க கூட்டல்ல சேர்க்கல."

வாங்கிப் பார்த்தேன். சேர்க்கவில்லைதான். அடித்துவிட்டு 56 என்று எழுதிக் கொடுத்தேன்.